ஸ்டோரியில் போட்ட கருத்து மறுநாள் காணாமல் போகிறது. வேறு எங்கே, எப்படிச் சொல்வது?

கேள்வி: பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். பெண், வயது 19. தருமபுரியில் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. படிக்கிறேன், தினமும் டவுன் பஸ்ஸில் போய்வருகிறேன். சினிமா, அரசியல், பஸ், தண்ணீர், ரயில் என்று எல்லாவற்றிலும் எனக்குக் கருத்து உண்டு. ஸ்டோரி போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. வீட்டில் பேசினால் "உனக்கென்ன தெரியும், படிக்கிற வேலையைப் பாரு" என்கிறார்கள். என் கருத்தை உருப்படியாகச் சொல்ல வழி உண்டா?

பதில்:

உண்டு. பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது அனுப்புநருக்கு அடுத்த வரியில் பெறுநர் எழுதச் சொன்னார்கள். ஸ்டோரியில் அந்த வரி விட்டுப்போகிறது. "பஸ் சரியில்லை" என்று நீங்கள் சொல்வதை முந்நூறு பேர் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவராலும் அந்த பஸ்ஸைப் பத்து நிமிடம் முன்னால் கிளப்ப முடியாது. அதைச் செய்யக்கூடியவர் டிப்போவில் உட்கார்ந்திருக்கும் கிளை மேலாளர். அவர் உங்கள் ஸ்டோரியைப் பார்க்கப்போவதில்லை. ஆகவே எந்தக் கருத்தாக இருந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: இதை யாரிடம் சொன்னால் அவரால் ஏதாவது செய்ய முடியும்? நீங்கள் சொன்ன ஐந்துக்கும் பெறுநர் வேறு வேறு.

பஸ்ஸிலிருந்தே தொடங்கலாம், தினமும் கையில் இருக்கும் பிரச்சினை அதுதான். தொடர்ந்து பத்துக் கல்லூரி நாட்களுக்கு ஒரு நோட்டில் ஐந்து விவரம் எழுதுங்கள்: தடம் எண், உங்கள் நிறுத்தத்துக்கு வரவேண்டிய நேரம், வந்த நேரம், வண்டியின் பதிவெண், நின்றதா நிற்கவில்லையா. தருமபுரி வண்டிகளின் எண் பெரும்பாலும் டிஎன் 29 என்று தொடங்கும். கடைசி நான்கு இலக்கம் குறித்தால் போதும். மகளிர் விடியல் பயணத்தில் போகிறீர்கள் என்றால் கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கண்டக்டரிடம் கேட்டு வாங்கி நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். அன்று அந்த வண்டியில் நீங்கள் ஏறியதற்கு அதுதான் சான்று.

பத்து நாள் குறிப்பு ஏன் வேண்டும் என்றால், "பஸ் சரியில்லை" என்பதற்குள் மூன்று வெவ்வேறு நோய் ஒளிந்திருக்கிறது. தினமும் ஏறக்குறைய அதே 20 நிமிடம் தாமதம் என்றால் அட்டவணைக் கோளாறு. போட்ட நேரத்துக்குள் அந்தத் தூரத்தை ஓட்டவே முடியாது. சில நாள் வருகிறது, சில நாள் அடியோடு வருவதில்லை என்றால் ஆளோ வண்டியோ பற்றாக்குறை, அந்த ட்ரிப்பை ரத்து செய்துவிடுகிறார்கள். வருகிறது, ஆனால் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிறது என்றால் அது ஓட்டுநர், நடத்துநர் மீதான புகார். மூன்றுக்கும் மருந்து வேறு. நோட்டைப் பார்த்தால் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மனுவைப் படிப்பவருக்கும் தட்டிக்கழிக்க இடம் இருக்காது.

மனு ஒரு பக்கம் தாண்டக் கூடாது. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

"பெறுநர்: கிளை மேலாளர், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (சேலம்), தருமபுரி மண்டலம். பொருள்: காலை 7.40 மணிப் பேருந்து 10 நாட்களில் 4 நாள் வராதது தொடர்பாக. ஐயா, எங்கள் நிறுத்தத்தில் இந்தப் பேருந்தை நம்பிக் கல்லூரிக்கும் பள்ளிக்கும் செல்பவர்கள் 22 பேர். வராத நாட்களில் அடுத்த பேருந்து 8.50-க்குத்தான், முதல் வகுப்பு தவறிவிடுகிறது. நாள்வாரி விவரம் பின்பக்கம் உள்ளது. இந்த நடையை ரத்து செய்யாமல் இயக்கவும், ரத்து செய்ய நேர்ந்தால் 8.50 பேருந்தை 8.10-க்கு அனுப்பவும் வேண்டுகிறோம்."

கோரிக்கையைக் கவனியுங்கள். "புது பஸ் விடுங்கள்" என்று கேட்டால் அது கிளை மேலாளர் கையில் இல்லை. மேலே அனுப்பியதாகப் பதில் வரும், கதை முடிந்தது. வாங்குபவர் தானே முடிவெடுக்கக்கூடிய அளவில் கேட்பதுதான் மனுவின் சூட்சுமம். இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மண்டலப் பொது மேலாளருக்கு ஒரு நகல். மூன்று வாரத்தில் அசைவில்லை என்றால் அந்த முத்திரைப் பிரதியை இணைத்துத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம், அல்லது முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணில் பதியலாம். பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். "தொடர்புடைய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று மட்டும் சொல்லி மனுவை முடித்துவைப்பது அடிக்கடி நடக்கிறது. அப்போது பழைய எண்ணைக் குறிப்பிட்டு, "கோரிக்கை நிறைவேறவில்லை" என்று மறுபடி பதிய வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று: தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் காலத்தில் குறைதீர் கூட்டம் நடக்காது. போவதற்கு முன் கேட்டுக்கொண்டு போங்கள்.

தண்ணீருக்குப் பெறுநர் உங்கள் கிராம சபை. அங்கே போகுமுன் பார்க்கவேண்டியது, உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் எந்த ஊரில் இருக்கிறது என்பது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராம சபை உறுப்பினர். தருமபுரி டவுனில் விடுதியில் தங்கியிருக்கும் உங்கள் தோழிகள் விடுதி முகவரியிலும் பதியலாம், வீட்டு முகவரியிலும் பதியலாம், ஆனால் ஒரு இடத்தில்தான். விடுதியில் பதிந்தால் ஓட்டு வசதியாகப் போடலாம், சொந்த ஊர்க் கிராம சபையில் உறுப்பினர் உரிமை போய்விடும். ஊர் விவகாரத்தில் பேச ஆசை இருந்தால் ஊரிலேயே பதிவது நல்லது.

புதிதாகப் பதிய படிவம் 6. முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருக்க வேண்டும், தவறினால் ஒரு வருடம் காத்திருப்பு. 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். அதிகம் தவறுவது பெயரில்தான். ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு மாதிரி இன்ஷியல் இருந்தால் பின்னால் எல்லா இடத்திலும் இழுக்கும். எந்த எழுத்து நிலைக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு நிரப்புங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வரும்போது ஆள் இல்லாவிட்டால்கூட விண்ணப்பம் தடைபடலாம்; வீட்டில் சொல்லி வையுங்கள். சந்தேகத்துக்கு 1950 எண்ணில் கேட்கலாம்.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடவேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், உங்கள் விஷயத்துக்குப் பொருத்தமான நாளும் அதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லை, சபை நடக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சபை என்பது தலைவரல்ல, நீங்கள்தான்.

கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகை வேண்டும். மக்கள் தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் சில இடங்களில் நோட்டை வீடு வீடாக எடுத்துவந்து கையெழுத்து கேட்கிறார்கள். போடாதீர்கள். கூட்டத்திலும் வந்தவுடன் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடும் வழக்கம் உண்டு. கையெழுத்துக்குப் பிறகு எழுதப்படும் தீர்மானத்துக்கும் உங்கள் ஒப்புதல் இருப்பதாகத்தான் அந்த நோட்டு சொல்லும். கடைசிவரை இருந்து, உங்கள் தீர்மானம் எந்த எண்ணில் எழுதப்பட்டது, அதன் வாசகம் என்ன என்று படித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

பேசும்போது "தண்ணி சரியில்ல" என்று தொடங்கினால் நாற்பது பேர் நாற்பது குறை சொல்வார்கள், கூட்டம் சந்தையாகிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல ஊர் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது தெரிந்த விஷயம். இந்தியத் தர அளவுப்படி ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். உங்கள் ஊர் எண் என்ன என்று தெரிந்துகொண்டு எழுந்தால் பேச்சே வேறு. மாதிரி எடுக்கும் முறை: ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், கண்ணாடி வேண்டாம். பம்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலையும் மூடியையும் மூன்று முறை அலசி, நிரப்பி மூடுங்கள். மேலே எந்தப் போர், எந்தத் தெரு, தேதி, நேரம் என்று எழுதி ஒட்டி, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் கள ஆய்வுப் பெட்டியால் சோதிக்கப் பயிற்சி கொடுக்கவேண்டும். உங்கள் ஊரில் யார் அந்த ஐந்து பேர், பெட்டி எங்கே என்று சபையில் கேளுங்கள். யாரும் கேட்காததால்தான் பல பெட்டிகள் பீரோவில் தூங்குகின்றன.

ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் குழாயும் போர்த் தண்ணீர் வரும் குழாயும் ஒரே தெருவில் இருக்கும். எந்தத் தொட்டியில் எது ஏற்றப்படுகிறது, வாரத்தில் எத்தனை நாள் காவிரித் தண்ணீர் வருகிறது, இரண்டும் ஒரே தொட்டியில் கலக்கிறதா என்பதுதான் தீர்மானமாக எழுதவேண்டிய கேள்வி. வீட்டில் அம்மாவிடம் சொல்லவேண்டியதும் ஒன்று உண்டு: காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். நிலைப்பல் உருவாகும் எட்டு வயதுக்குள்தான் பற்களில் கறை விழுகிறது. அதனால் காவிரித் தண்ணீர் குறைவாக வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை ஒதுக்கி, அதிலும் குழந்தைகளுக்கு முதலில் கொடுத்து, துவைக்கக் கழுவப் போர்த் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் விஷயத்தில் உங்கள் கருத்து என்னவாக இருக்கும் என்று சொல்லிவிடலாம், இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் அது ஒன்றுதான்: மொரப்பூர்–தருமபுரி பாதை எப்போது வரும்? 36 கிலோமீட்டர். 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்காரர்களும் பேசுகிறார்கள். இதில் மீம் போடுவதைவிட 10 ரூபாய் செலவழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது கனமானது. இங்கேயும் பெறுநரில்தான் சிக்கல். தருமபுரி ஸ்டேஷன் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது. மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். பணம் ஒதுக்குவது ரயில்வே, நிலம் எடுத்துக் கொடுப்பது மாவட்ட வருவாய் நிர்வாகம். ஆகவே இரண்டு மனு வேண்டும்.

சட்டம் கொடுக்கச் சொல்வது கையிலிருக்கும் பதிவை. காரணத்தையும் கருத்தையும் அல்ல. "ஏன் தாமதம்?" என்று கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பலாம். ரயில்வேயிடம் இப்படிக் கேளுங்கள்: "2019–20 முதல் இன்றுவரை ஒவ்வொரு நிதியாண்டிலும் மொரப்பூர்–தருமபுரி புதிய பாதைக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, நிலம் தொடர்பாகத் தமிழ்நாடு அரசுக்கு அனுப்பிய கடிதங்களின் நகல்." கலெக்டர் அலுவலகத்திடம்: "இப்பாதைக்குத் தேவைப்படும் மொத்த நிலப்பரப்பு, இதுவரை கையகப்படுத்தியது, மீதமுள்ளது, கிராமவாரியாக, இழப்பீடு வழங்கப்பட்ட தேதிகள்." இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேலை யாரிடம் நிற்கிறது என்று தெரிந்துவிடும். "ஏன்" என்பதற்கு விடை அங்கே இருக்கும்.

மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவிலேயே ஒட்டலாம். மத்திய அரசு அலுவலகத்துக்கு அஞ்சல் ஆணை எடுக்கலாம் அல்லது இணையத்தில் கட்டலாம். பெறுநர் "பொதுத் தகவல் அலுவலர்" என்றே இருக்கட்டும், பெயர் தேவையில்லை. எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. பதிவு அஞ்சல் 2025-ல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டதால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால்கூட அவர்கள் 5 நாளில் சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். 30 நாளில் பதில் வரவேண்டும். வரவில்லை, அல்லது மழுப்பலாக வந்தது என்றால் அதிலிருந்து 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. நாள்கணக்கைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். நல்ல மனுக்கள் தோற்பது பெரும்பாலும் இந்த நாளைத் தவறவிட்டதால்தான்.

இனி அரசியல் பேச்சு. வீட்டிலும் டீக்கடையிலும் நடக்கும் சண்டை பெரும்பாலும் "யார் கொண்டுவந்தது" என்பதுதான். ஓகேனக்கல் திட்டத்தையே எடுங்கள். 2008 பிப்ரவரியில் கருணாநிதி முதல்வராக இருந்தபோது அடிக்கல். 2013 மே மாதம் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது தொடக்க விழா. இடையில் ஜப்பான் கடனுதவி. நடுவே கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பி, 2008 ஏப்ரலில் சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தது வேறு. அப்பா ஒரு கட்சியைச் சொல்வார், மாமா இன்னொன்றைச் சொல்வார், இரண்டு பேரும் பாதி உண்மை. தேதிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு "இப்போ நம்ம தெருவுக்கு வாரத்துல எத்தனை நாள் வருது?" என்று கேளுங்கள். "உனக்கென்ன தெரியும்" என்று அதற்குமேல் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம். எந்தப் பெரியவரையும் எதிர்த்துப் பேசாமலே உங்கள் சொல் அங்கே நிற்கும்.

தருமபுரிக்காரர்கள் ஓட்டுப்போடச் சளைத்தவர்கள் அல்ல. 2024 மக்களவைத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகமாக இங்கே 81 சதவீதத்துக்கு மேல் பதிவானது. பக்கத்துப் பர்கூர் 1991-ல் ஜெயலலிதாவை ஜெயிக்கவைத்தது, அவர் முதல்வரானார். 1996-ல் அதே பர்கூர் அவரைத் தோற்கடித்தது. இந்த மண்ணில் ஓட்டர் யாருக்கும் அடிமைச்சாசனம் எழுதிக்கொடுத்ததில்லை.

ஆனால் வேறொரு தேதியையும் உங்கள் வயதுக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2000 பிப்ரவரி 2. தங்கள் தலைவருக்கு எதிராக ஒரு வழக்கில் தீர்ப்பு வந்த கோபத்தில் கட்சிக்காரர்கள் இலக்கியம்பட்டியில் ஒரு கல்லூரிப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உள்ளேயே கருகி இறந்தார்கள். உங்களைப் போலப் படித்துக்கொண்டிருந்தவர்கள். தலைவருக்காகவோ நடிகருக்காகவோ கமெண்டில் கொதிக்கும்போது அந்தப் பேருந்து நினைவுக்கு வரட்டும்.

வாச்சாத்தியும் அப்படித்தான் தெரியவேண்டியது. 1992 ஜூன் 20 அன்று அரூர்ப் பக்கத்து மலைவாழ் மக்கள் கிராமத்தில் வனத்துறை, காவல், வருவாய்த் துறையினர் செய்த கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29-ல் 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 31 வருடம் அந்த ஊர்ப் பெண்கள் சொன்னதையே சொல்லி நின்றார்கள். எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள் பலர். மனு ஒரு மாதமாகக் கிடப்பில் இருக்கிறது என்று சோர்வு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவுக்கு வருவோம். பெறுநர் இங்கே இயக்குநர் அல்ல, நடிகரும் அல்ல. அந்தப் படத்துக்குக் காசு கொடுத்துப் போகலாமா என்று யோசிக்கும் உங்கள் வகுப்புத் தோழிதான். அவளுக்கு "மாஸ்", "மொக்கை" இரண்டு சொல்லும் பயன்படாது. படம் பார்த்த அன்று இரவே 150 சொல் எழுதிவிடுங்கள். மறுநாள் ஆனால் மற்றவர்கள் சொன்னது உங்கள் கருத்தாகிவிடும். ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: திரையில் என்ன இருந்தது, காதில் என்ன கேட்டது, அந்த இடத்தில் தியேட்டர் என்ன செய்தது, உங்களுக்கு ஏன் ஒட்டவில்லை அல்லது ஏன் தொண்டை அடைத்தது. பிறகு யாருக்கு இது பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று ஒரு வரி. முடிவைச் சொல்லிவிடாதீர்கள். வசூல் எண்ணை வைத்து வாதாடுவது வீண். சுற்றில் ஓடும் கோடிக் கணக்கெல்லாம் மதிப்பீடு.

நம் மாவட்டத்தை வறட்சிக்கும் பின்தங்கலுக்கும் அடையாளமாகக் காட்டினால் கோபம் வருவது நியாயம். அப்போது "இழிவுபடுத்திவிட்டார்கள்" என்று நிற்காமல் எது தவறு என்று சொல்லுங்கள். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் இது. நடுகற்கள் தருமபுரி அருங்காட்சியகத்திலேயே வரிசையாக நிற்கின்றன, ஒரு மதியம் போதும் பார்க்க. கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு எழுதும் விமர்சனத்துக்கும் வெறும் கோபத்துக்கும் எடை வேறு.

முதல் நாள் முதல் காட்சியில் ஹீரோ வரும் இடத்தைப் போனில் எடுத்து ஸ்டேட்டஸ் போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். 2023-ல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி அனுமதியில்லாமல் திரையைப் பதிவு செய்வதும் அதைப் பரப்புவதும் குற்றம். மூன்று மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம். திரைக்கு வெளியே, இடைவேளையில் உங்கள் முகத்தைக் காட்டிப் பேசுங்கள், அதற்குத் தடையில்லை.

கருத்துக்காக வழக்கு வருமா என்ற பயமும் உங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கலாம். இணையத்தில் மனம் புண்படும்படி எழுதினால் கைது என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்துவிட்டது. அரசை, கட்சியை, கொள்கையை, படத்தை விமர்சிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் கவனிக்கவேண்டிய பிரிவுகள் இரண்டு: 356 அவதூறு, 196 சாதி, மதம், மொழி வைத்துப் பகையை மூட்டுவது. "அந்த அலுவலகத்தில் சான்றிதழுக்கு மூன்று முறை அலைய வேண்டியிருந்தது" என்பது நடந்த செய்தி. "அங்கே எல்லோரும் லஞ்சப் பேய்கள்" என்பதை உங்களால் நிரூபிக்க முடியாது. முதலாவதை எழுதுங்கள். சாதி விஷயத்தில் இந்த மாவட்டத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டது ஒரு காதல் கல்யாணத்தை வைத்துக் கிளப்பிய வெறுப்பில்தான். காதல் ஜோடியின் போட்டோ, சாதிப் பெயர், "பகிரவும்" என்று எழுதி வரும் வாட்ஸாப் செய்தியை ஒரு ஆளுக்குக்கூட அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதியதல்ல, வந்ததை அனுப்பினேன் என்பது தப்பிக்கும் வழியல்ல. பின்னால் அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் விசாரணை வரும்போது ஒரு எஃப்.ஐ.ஆர். எவ்வளவு இழுக்கும் என்று உங்கள் ஊரிலேயே யாரையாவது கேட்டால் சொல்வார்கள்.

பெண் என்பதால் ஒரு விஷயம் கூடுதலாக. மனுவில் 15, 20 பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். பெயரும் ஊரும் போதும், எல்லோருடைய போன் எண்ணும் வேண்டாம். தொடர்புக்கு ஒரே ஒரு எண், அதுவும் வீட்டுப் பெரியவருடையதோ கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியருடையதோ, கேட்டுக்கொண்டு கொடுங்கள். பொதுக் கணக்கில் கருத்துச் சொல்லும்போது பஸ் நிறுத்தத்தின் பெயர், நீங்கள் வழக்கமாக நிற்கும் நேரம், வீட்டு வாசல் தெரியும் படம் இவை வேண்டாம். யாராவது உங்கள் படத்தை வெட்டி ஒட்டிப் போட்டால் முதலில் வரும் எண்ணம் கணக்கை மூடிவிடுவது. அதற்கு முன் அந்தப் பதிவின் இணைப்பு, கணக்குப் பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அழித்தபிறகு சான்று கிடைக்காது. பிறகு இணையக் குற்றப் பிரிவின் 1930 எண், பெண்கள் உதவி எண் 181. வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் 181-இல் பேசிவிட்டு, அவர்கள் சொல்லும் வழியில் அம்மாவிடம் சொல்லுங்கள்.